கடைசி ஒன்றரை மீட்டர்

மார்கழியில் மின்விசிறி ஓடாது. மதுரைப் பசுமலைச் சரிவில் இருக்கும் வீட்டுக்குள் ராத்திரியில் முழு அமைதி கிடைப்பது வருஷத்தில் அந்த ஒரு மாதம்தான். ஆம்பிளிஃபையரைப் போட்டு, ரெக்கார்டு எதுவும் வைக்காமல், வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமைத் திருப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். தேடினால் கிடைக்கிறது, ஸ்பீக்கரிலிருந்து ஒரு மெல்லிய ரீங்காரம். ரேடியோ ரிப்பேர்காரர்கள் ஹம் என்று சொல்வது இதைத்தான்.

அதற்கு ஒரு சுருதி இருக்கிறது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை ஊசலாடுகிறது. ஹம்மும் 50 ஹெர்ட்ஸில் வரும். பெட்டிக்குள் நேர்மின்சாரமாக மாறிய பிறகும் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் 100-ல், கொஞ்சம் கரகரப்பாக வரும். ஐந்து கட்டையை ஸ்தாயி ஸ்தாயியாகக் கீழே இறக்கிக்கொண்டு போனால் 49 ஹெர்ட்ஸ். ஐந்தரைக் கட்டையை இறக்கினால் ஏறக்குறைய 52. மின்சாரத்தின் 50, இந்த இரண்டுக்கும் நடுவில், ஐந்தை ஒட்டி, ஆனால் அதோடு சேராமல் நிற்கிறது. ஒரு கட்டையில் பாடுகிறவரைக் கேட்கும்போது அது ஒரு மயிரிழை ஏறிப்போன பஞ்சமம். பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாவற்றிலும் கூடவே வரும்.

சினிமாப் பாட்டில் இது மூடிப்போய்விடும். தம்பூராவின் மேல் குரல் மட்டும் எழும்புகிற இடத்தில் மூடுவதற்கு ஒன்றும் இல்லை. தம்பூரா ஒரு பஞ்சமம் சொல்ல, சுவர் இன்னொரு பஞ்சமம் சொன்னால் மனசு எதில் போய் நிற்கும்? கர்நாடக சங்கீதம் கேட்கிறவருக்கு மின்சாரத்தைப் பற்றிக் கவலைப்பட நியாயம் இருக்கிறது. பவர் கார்டை மாற்றினால் இது தீருமா என்ற கேள்விக்குத்தான் இந்த நோட்டு.

*

பெட்டியோடு வருகிற கறுப்பு கார்டு எல்லோருக்கும் தெரிந்தது. கம்ப்யூட்டருக்கும் அதேதான். ஒரு முனையில் சுவருக்கு மூன்று பின், மறு முனையில் பெட்டியின் முதுகுக்கு மூன்று ஓட்டை. தனியாக வாங்கினால் சில நூறு ரூபாய். அதே இடத்தில் செருகுவதற்கு வெள்ளி முலாம் பூசிய செம்பு, பின்னல் உறை, ரோடியம் பூசிய பின் என்று ஆயிரங்களில் தொடங்கி லட்சம் தாண்டுகிற கார்டுகளும் விற்கின்றன. வாங்கியவர்கள் பொய் சொல்வதில்லை. பின்னணி இருட்டிவிட்டது, குரலுக்கு உடம்பு வந்துவிட்டது என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் இருக்கும் சந்தோஷம் நிஜமானது. பாட்டுக்காக இவ்வளவு தூரம் போகிறவர்கள் குறைவு. அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்தச் சந்தோஷம் கார்டிலிருந்து வந்ததா, கவனத்திலிருந்து வந்ததா என்பதைப் பிரித்துப் பார்க்கத்தான் விரும்புகிறேன்.

கார்டில் வரும் மின்சாரம் ஸ்பீக்கருக்குப் போவதில்லை. டிரான்ஸ்பார்மர் அதைக் குறைக்கிறது. டயோடுகள் ஒரே திசைக்குத் திருப்புகின்றன. கட்டைவிரலைவிடப் பருத்த கெப்பாசிட்டர்கள் அதைத் தேக்கி வைக்கின்றன. பாட்டு எடுத்துக்கொள்வது அந்தத் தேக்கத்திலிருந்துதான். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் குளிக்கிறவருக்கு, மோட்டார் எந்தக் குழாய் வழியாக ஏற்றியது என்பது தெரியாது. தொட்டி வற்றாமல் இருந்தால் போதும். நிரப்பும் வேலை நொடிக்கு நூறு தடவை, சின்னச் சின்ன வீச்சாக நடக்கிறது. அந்த வீச்சுக்குக் கார்டு இடம் கொடுக்க வேண்டும், சூடாகக் கூடாது, ஆளைத் தாக்கக் கூடாது. கார்டிடம் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்.

*

கார்டு வரைக்கும் வரும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? இங்கிருந்து டவுனுக்குப் போகும் பஸ், பழங்காநத்தத்துக்கு முந்தி பைக்காராவில் நிற்கும். நீலகிரி ஆற்றின் பெயர் மதுரைக்கு வந்தது மின்சாரத்தோடுதான். 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. ஆற்றைக் குழாயில் அடைத்து, 900 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து சிங்காராவுக்கு இறக்கினார்கள். அந்த மின்சாரம் கோயம்புத்தூர் மில்களுக்குப் போனது, கம்பி இன்னும் நீண்டு மதுரைக்கும் வந்தது. வந்து இறங்கிய இடத்துக்கு அதன் பெயரே நிலைத்துவிட்டது. தினம் அதைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேர் வீட்டு ஸ்விட்ச்சைப் போடும்போது அந்த ஆற்றை நினைக்கிறோம்!

அதற்கும் முந்தைய கேட்டல் ஒன்று இருந்தது. 1916-ல் இதே மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி சிறுமியாகப் பாடிய முதல் இசைத்தட்டு வெளிவந்தது பைக்காரா மின்சாரம் வருவதற்கு முன்பு. அதை வாங்கியவர்கள் கிராமபோனுக்குச் சாவி கொடுத்துத்தான் கேட்டிருப்பார்கள். வில் தளர்ந்தால் சுருதி இறங்கும், மறுபடி சாவி. கார்டே கிடையாது, ஹம்மும் கிடையாது. ஊசியின் சரசரப்புக்கு நடுவே அந்தக் குரலைத் தேடி எடுத்துக்கொண்டார்கள்.

இன்று சுவரில் வருவது ஒரே ஆற்றின் மின்சாரம் இல்லை. தூத்துக்குடி அனல், கூடங்குளம் அணு, கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம், பெரியாறு தண்ணீர், ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள், எல்லாம் ஒரே வலையில் கலந்து வருகின்றன. மலைமலையாய் நிற்கும் டவர்களில் அலுமினியக் கம்பி, துணைமின் நிலையம், தெரு டிரான்ஸ்பார்மர், சர்வீஸ் வயர், மீட்டர், ஃபியூஸ், சுவருக்குள் பைப்பில் ஓடும் வயர், கடைசியாக இந்த ஒன்றரை மீட்டர்.

இத்தனை தூரம் வந்ததைக் கடைசி ஒன்றரை மீட்டரா திருத்தப்போகிறது என்று கேட்பது சுலபம். கார்டு விரும்பிகள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: ஆம்பிளிஃபையர் பக்கமிருந்து பார்த்தால் அதுதான் முதல் மீட்டர். இந்தப் பதிலை நான் தள்ளிவிடவில்லை. மின்சாரத்தை அழுக்காக்கும் சாமான்களில் பெரும்பாலானவை தூரத்தில் இல்லை, அதே அறையில் இருக்கின்றன. எல்.இ.டி. பல்பின் டிரைவர், ரௌட்டரின் சின்ன அடாப்டர், செல்போன் சார்ஜர், பழைய மாடல் எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர். ரெகுலேட்டரை இரண்டில் வைத்தால் ஏ.எம். ரேடியோ இரைவதை மதுரை வீடுகளில் கேட்காதவர் யார்? முதல் மீட்டர் முக்கியம்தான். ஆனால் அந்த மீட்டரில் எது முக்கியம்?

2016-ல் ஜப்பானிலிருந்து ஒரு செய்தி வந்தது. எண்பது வயது தாண்டிய ஒரு வழக்கறிஞர், தன் இசை அறைக்கென்றே தனி மின்கம்பமும் டிரான்ஸ்பார்மரும் நட்டுக்கொண்டிருந்தார். படித்தவர்கள் பலர் சிரித்தார்கள். எனக்கு அவர் போன திசை சரி என்றே பட்டது. அண்டை வீட்டு மோட்டாரிடமிருந்தும் தன் வீட்டு ஃபிரிட்ஜிடமிருந்தும் பாட்டைப் பிரித்து வைக்கப் பார்த்தார். நம்மால் கம்பம் நட முடியாது. மெயின் போர்டிலிருந்து இசைச் சாமான்களுக்கு மட்டும் ரெண்டரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரில் ஒரு தனி லைன் இழுக்கலாம். நடுத்தரக் கார்டு ஒன்றின் விலைக்குள் அது முடிந்துவிடும்.

*

கணக்கு.

பெட்டியோடு வந்த கார்டு 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு. போக ஒன்றரை, வர ஒன்றரை, ஆக மூன்று மீட்டருக்குத் தடை சுமார் 0.08 ஓம். 1.5 சதுர மில்லிமீட்டருக்கு மாறினால் 0.04. ஒரு ஆம்பியர் ஓடும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வோல்ட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. கெப்பாசிட்டர் நிரம்பும் வீச்சில் அதைப்போல் சில மடங்கு. சுவருக்குள் பதினைந்து மீட்டர் ஓடும் ஒரு ஸ்கொயர் வயரின் தடை மட்டுமே அரை ஓம் வரும். சாயங்காலம் தெருவில் எல்லாரும் மோட்டார் போடும்போது 230 வோல்ட் என்பது 210-க்கு இறங்கி, ஒன்பது மணிக்கு மேல் மறுபடி ஏறுகிறது.

பருமனான கார்டு நல்லதுதான். ஆனால் அதில் கிடைக்கும் ஆதாயம், மின்சாரம் அன்றாடம் ஏறி இறங்குவதற்குள் கரைந்துபோகிற அளவு.

*

2004-ல் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்து ஆடியோ ரசிகர்கள் கூடி ஒரு சோதனை செய்தார்கள். 2,500 டாலர் கார்டு ஒரு பக்கம், சாதாரண கார்டு மறுபக்கம். எது ஓடுகிறது என்பது கேட்கிறவருக்குத் தெரியாது. 149 விடைகளில் 73 சரி. கேட்காமலே சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய இதே கணக்குதான் வந்திருக்கும். உட்கார்ந்தவர்கள் காது பழகாதவர்கள் அல்ல; வித்தியாசம் உண்டு என்று நம்பியவர்களும் அதில் இருந்தார்கள்.

எல்லிஸ் நகரிலிருந்து நண்பர் ஒருவர் தன் கார்டைக் கொண்டுவந்தார். நல்ல கனம், வளைக்கவே பலம் வேண்டும். மனைவி பெட்டிக்குப் பின்னால் நின்று மாற்றினாள். மாற்றியதையும் மாற்றாததையும் சொல்லவில்லை. வைத்தது மதுரை மணி ஐயர். 1912-ல் இந்த ஊரில் பிறந்தவர், 1968-ல் மறைந்தவர். சுருதி சுத்தத்துக்கு அவரைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. ஸ்வரம் பாடும்போது அவர் குரல் ஒவ்வொரு ஸ்தானத்திலும் தயங்காமல் போய் உட்காரும். கார்டில் ஏதாவது இருந்தால் அங்கே தெரிய வேண்டும்.

கார்டு மாற மாற என்ன நடந்தது என்பதைவிட, எங்கள் காதுக்குள் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதி வைக்க வேண்டும். முதலில் இருவருக்கும் பதற்றம். வித்தியாசத்தைப் பிடித்தாக வேண்டும் என்கிற வேகத்தில் காது வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் தாவியது. ஒரு தடவை தொப்பியின் சத்தம் தெளிந்ததாகப் பட்டது. அடுத்த தடவை அதே இடம் மங்கியதாகப் பட்டது. பிறகு கேட்டால் அப்போது கார்டு மாறவே இல்லை. இப்படிப் போய்க்கொண்டே இருந்ததில் ஒரு கட்டத்தில் தேடுவது நின்றுபோனது. நண்பர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். எது ஓடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. மணி ஐயர் ஒரு ஸ்வரக் கோர்வையை முடித்து, பல்லவியை எடுக்கிற இடத்துக்கு முன் விடுகிற சின்ன இடைவெளி எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டது. வருஷக்கணக்காக வைத்திருக்கும் ரெக்கார்டு அது.

விலையுயர்ந்த கார்டை மாட்டிவிட்டு முதல் ராத்திரி உட்காருகிறவரும் இப்படித்தான் உட்காருகிறார் என்று நினைக்கிறேன். செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு மீட்டையும் எதிர்பார்த்து. அந்தக் கேட்டல் உண்மை. பின்னணி இருட்டியதும் உண்மை. அதற்கு முன்பு அவர் அந்தப் பின்னணியைக் கேட்டதே இல்லை.

நண்பர் கார்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். ஹம் மட்டும் இரண்டு கார்டிலும் அப்படியே இருந்தது.

*

அதைத் தீர்த்தவர் எங்கள் தெரு வயர்மேன். இருபது வருஷமாகப் பசுமலையிலும் திருநகரிலும் வேலை பார்க்கிறவர். தனி லைன் விஷயம் பேச வந்தவர், கார்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"கார்டு கெடக்கட்டும் சார். இந்த சாக்கெட்டப் பாருங்க, பிளக்கு தொளதொளன்னு ஆடுது. எர்த்து வருதான்னு பாத்தீங்களா?"

"பழைய போர்டுண்ணே. வீடு வாங்குனப்ப இருந்தது."

"கழட்டிப் பாத்துருவோம்."

மெயினை அணைத்துவிட்டு போர்டின் முகத்தை எடுத்தார். உள்ளே சிமெண்டுத் தூசியும் ஒட்டடையும். சாக்கெட்டின் பித்தளை நாக்குகள் கறுத்து, விரிந்து போயிருந்தன. எர்த் ஸ்குரூவுக்கு அடியில் பச்சை வயரின் முனை பூத்து, நாலைந்து இழை மட்டும் பெயருக்குத் தொட்டுக்கொண்டிருந்தது. டெஸ்டரின் நுனியால் லேசாகத் தள்ளினார். வயர் கழன்று வந்துவிட்டது. பிளேடால் சுரண்டிப் புதுச் செம்பு தெரிகிற வரைக்கும் போனார். இழைகளை முறுக்கி, இரட்டையாக மடித்து, புது சாக்கெட்டில் வைத்து இறுக்கினார். இறுக்கிய பிறகு வயரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். வேலை தெரிந்தவர்கள் எல்லாரும் செய்வது அது.

எர்த் விட்டுப்போன ஆம்பிளிஃபையரைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. புறங்கையின் விரலை மெட்டல் உடம்பின் மேல் அழுத்தாமல் மெல்லத் தேய்த்தால் வழவழப்பான தகடு சொரசொரப்பாக, அதிர்கிற மாதிரிப் படும். விரலை நிறுத்தினால் அந்த உணர்வு போய்விடும். பெட்டிக்குள் இருக்கும் ஃபில்டர் வழியாகக் கசியும் கொஞ்சம் மின்சாரம், இறங்க வழியில்லாமல் உடம்பில் நிற்பதன் அடையாளம். அதே மின்சாரம்தான் சிக்னல் வயரின் உறை வழியாகப் போகப் பார்த்து ஹம்மாகிறது. இறுக்கிய பிறகு தேய்த்துப் பார்த்தேன். தகடு வெறும் தகடாக இருந்தது.

அன்று ராத்திரி ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோனேன். உட்காரும் இடத்தில் கேட்ட ரீங்காரம் இப்போது துணி மறைப்பை ஒட்டினால்தான் கேட்டது. புது சாக்கெட்டின் விலை, பெட்டியோடு வந்த கார்டின் விலையைவிடக் குறைவு.

*

மின்சாரம் பாட்டின் சுருதியை நேரடியாக மாற்றிய காலமும் இருந்தது. என் டர்ன்டேபிள் பழைய சிங்க்ரனஸ் மோட்டார். மின்சாரத்தின் ஊசலை எண்ணித்தான் அது சுற்றும். தட்டின் ஓரத்தில் ஒரு வரிசையாகக் கோடுகள். 33⅓ வேகத்துக்கு 180 கோடு. நியான் விளக்கு நொடிக்கு நூறு தடவை மின்ன, வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்கும். ஆனால் மின்சாரமே தளர்ந்தால் மோட்டாரும் தளரும், விளக்கும் தளரும், கோடுகள் அப்போதும் அசையாமல்தான் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத் தெரியும்.

தென் மாநிலங்களின் மின்வலை முன்பு தனியாக ஓடியது. தேவை கூடிய சாயங்காலங்களில் 50 என்பது 49 வரைக்கும்கூட இறங்கும். நூற்றுக்கு இரண்டு குறைந்தால் சுருதியில் அரைக் கட்டையின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு ரெக்கார்டோடு பழகியவர்கள் அந்த நாட்களில் பட்ட சிரமம் இதுதான். பெட்டியில் கோளாறு என்று நினைத்துப் பெல்ட்டை மாற்றினார்கள். ஒரு விசித்திரம்: பாட்டு இறங்கும்போது ஹம்மும் அதே விகிதத்தில் இறங்கும். அந்த ஏறிய பஞ்சமம் அதே அளவு ஏறியபடியே கூட வரும்.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னக வலையை நாட்டின் மற்ற வலையோடு சேர்த்தார்கள். அன்று முதல் காஷ்மீரில் சுற்றும் மோட்டாரும் பசுமலையில் சுற்றும் மோட்டாரும் ஒரே துடிப்பில். அதற்குப் பிறகு சுருதி பெரிதாக நகர்வதில்லை. மின்சாரத்தால் என் பாட்டுக்கு நேர்ந்த நன்மைகளில் பெரியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அதற்கு முந்தைய வருஷம், 2012-ல், மின்வெட்டு கடுமையாக இருந்தபோது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்பார்மரே உறுமும். அதில் பாட்டு கேட்பதைவிடக் கரன்ட் வரட்டும் என்று மாடியில் போய் உட்காருவது மேல்.

*

பழைய கச்சேரிப் பதிவுகளுக்குள்ளேயே ஹம் இருக்கிறது. சபாவில் உட்கார்ந்து ஸ்பூல் டேப்பில் ரசிகர்கள் எடுத்தவை அவை. ஊரின் கரன்ட்டும் பாட்டோடு சேர்ந்து டேப்பில் ஏறியிருக்கிறது. லண்டன் மாநகரக் காவல்துறையின் ஆய்வகம் மின்வலையின் ஊசலை இடைவிடாமல் பதிவு செய்து வைத்திருக்கிறது. வழக்கில் ஒரு ஒலிப்பதிவு வந்தால், அதிலுள்ள ஹம்மின் நுண்ணிய ஏற்ற இறக்கத்தை அந்தப் பதிவோடு ஒப்பிட்டு, எந்த நாளில் எந்த நேரத்தில் எடுத்தது என்று சொல்லிவிட முடியும்.

இதைப் படித்த பிறகு அந்த டேப்புகளை வேறு மாதிரி கேட்கிறேன். மணி ஐயரின் குரலுக்கு அடியில் ஓடுவது அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலத்தின் மின்சாரம். அன்று எந்த அணையில் எவ்வளவு தண்ணீர் இருந்ததோ, அதன் சாயல் அதில் இருக்கும். கம்ப்யூட்டரில் போட்டு அதைச் சுத்தமாக எடுத்துவிடுகிறார்கள். எடுத்த பிறகு தம்பூராவின் மந்தரம் கொஞ்சம் மெலிந்து போவதையும் கேட்டிருக்கிறேன். என் சுவர் சேர்க்கும் ஹம் எனக்கு வேண்டாம். அந்தச் சபாவின் ஹம் இருந்துவிட்டுப் போகட்டும்.

*

கார்டு மாற்றினேன். மூன்று கோர், 1.5 ஸ்கொயர், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள செம்பு வயர், மீட்டர் கணக்கில். டவுன் ஹால் ரோடு பக்கம் கடையில் வெட்டி வாங்கியது. வாங்கும்போது முனையில் ஒரு அங்குலம் உறையைச் சீவித் தரச் சொல்லி இழைகளை விரித்துப் பார்ப்பது என் பழக்கம். 1.5 ஸ்கொயருக்கு 0.3 மில்லிமீட்டர் இழை என்றால் 22 இருக்க வேண்டும். ஒரு இழையை நகத்தில் வைத்துப் பிளேடால் சுரண்டினால் உள்ளேயும் செம்பாக இருக்கிறதா, வெளுத்து அலுமினியம் தெரிகிறதா என்று புரிந்துவிடும். செம்பு முலாம் பூசிய அலுமினியம் சந்தையில் நிறைய. கண்ணை ஏமாற்றும், சூடாகும், ஸ்குரூவுக்கு அடியில் நாளாவட்டத்தில் தளரும். அட்டையில் 1.5 என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்கக் கூடாது.

பிளக் கனமான பித்தளைப் பின் உள்ளது. பொள்ளலான பின் வேண்டாம். வயரைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் உள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இழுப்பு முழுவதும் ஸ்குரூவில் விழும். நீளம் தேவைக்கு மேல் ஒரு சாண் போதும். மிச்சத்தைச் சுருட்டி டர்ன்டேபிள் வயருக்குப் பக்கத்தில் போடுவது கெடுதல். ரெக்கார்டு ஊசியிலிருந்து வரும் சிக்னல் வெறும் 5 மில்லிவோல்ட் அளவு. பக்கத்தில் 230 வோல்ட் ஓடினால் அது சும்மா இருக்காது. இரண்டும் சந்தித்தே ஆகவேண்டிய இடத்தில் குறுக்காகச் சந்திக்கட்டும், இணையாக ஓட வேண்டாம். கார்டின் விலை செய்யாததை இந்த ஒரு சாண் இடைவெளி செய்கிறது. அலமாரியை நகர்த்தி, காதை வைத்துக்கொண்டு, வயரைக் கையால் அப்படியும் இப்படியும் தள்ளிப் பார்த்தாலே தெரியும்.

*

எர்த் பின்னைப் பற்றி எழுதாமல் விட முடியாது. கச்சேரி மேடைகளிலும் சவுண்ட் சர்வீஸ்காரர்களிடமும் ஒரு பழைய வைத்தியம் உண்டு: ஹம் வந்தால் எர்த்தைக் கழற்றிவிடு. ஹம் நிற்கவும் செய்யும். இரண்டு பெட்டிகள் இரண்டு சாக்கெட்டுகளில், இரண்டு பாதைகளில் எர்த்துக்குப் போகும்போது நடுவில் ஒரு சுற்று உண்டாகிறது. ஒன்றை அறுத்தால் சுற்று உடைகிறது. ஆனால் அதற்குப் பிறகு பெட்டிக்குள் ஒரு ஃபேஸ் வயர் தகட்டில் பட்டால், ஃபியூஸ் போகாது. தகடு 230 வோல்ட்டில் காத்திருக்கும். ஈரக் கையோடு மைக்கைப் பிடித்தவர்கள் அப்படித்தான் செத்திருக்கிறார்கள். மூன்று பின்னில் எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பது, செருகும்போது முதலில் தொட்டுப் பிடுங்கும்போது கடைசியில் விடுவதற்காக. அதை வெட்டிவிட்டுக் கேட்கிற எந்த அமைதியும் வேண்டாம். எல்லாப் பெட்டிகளையும் ஒரே போர்டிலிருந்து எடுத்தாலே சுற்று பெரும்பாலும் ஒழிந்துவிடும்.

அந்த எர்த் கடைசியில் போய்ச் சேருகிற இடம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பசுமலையில் அது லேசான காரியம் இல்லை. கடப்பாறை இரண்டு முழத்தில் பாறையில் இடிக்கிறது. இரண்டரை மீட்டர் ஜி.ஐ. குழாயை நட்டுக் கரியும் உப்புமாக அடுக்கியது முந்தைய சொந்தக்காரர் காலத்து வேலை. வெயில் காலத்தில் பாறை மேல் மண் காய்ந்தால் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது. அதற்காகத்தான் குழாயின் வாயில் புனல் வைத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். இது ஹம்முக்கான வைத்தியம் இல்லை, உயிருக்கான வைத்தியம். பாட்டு கேட்கிற வீட்டில் இரண்டையும் ஒரே ஆள்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது.

சித்திரையில் வயர்மேன் எர்த் டெஸ்டர் வைத்து அளந்தபோது 18 ஓம் காட்டியது. மூடியைத் திறந்து, துருவைச் சுரண்டி, கிளாம்பை மாற்றி, கரியும் உப்பும் புதிதாகப் போட்டாயிற்று. ஐப்பசி மழை ஓய்ந்ததும் மறுபடி அளக்கிறார், அடுத்த சித்திரையில் இன்னொரு தடவை. கோடையிலும் ஐந்துக்குக் கீழே நின்றால் இதோடு விட்டுவிடலாம். ஏறிவிட்டால், மண் ஆழமாக இருக்கும் கிணற்றடியில் இரண்டாவது குழாய் இறக்கி, இரண்டையும் ஜி.ஐ. பட்டையால் இணைக்க வேண்டும். பட்டைக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.